நான்காம் நாள் காலைக் காப்பி

அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக பாஸ்போர்ட் எடுத்து, மனைவி தர்ஃபாவையும் அழைத்துக்கொண்டு, கரக் மலைப்பக்கத்து ஊரிலிருந்து தோஹாவுக்கு வந்தார் முஃப்லிஹ். ஊர் சுற்றிப் பார்க்கத்தான் பெரியப்பா வருகிறார் என்று, அங்கே வேலை பார்க்கும் தம்பி மகன் நவாஃப் நினைத்துக்கொண்டான். அவர் வந்தது அவனிடம் ஒரு 'சரி'யை வாங்கிப் போக. அவன் தங்கை ஃபித்தாவை லாரி ஓட்டும் ஹமூதுக்குக் கொடுப்பதற்கான சம்மதம் அது. அப்பா போனபிறகு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவன் மூத்தவனான நவாஃப்தான். போன வருடம் பெண் கேட்டபோது, "லாரிக்காரனுக்கா?" என்று போனிலேயே முடித்துவிட்டிருந்தான்.

ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவன் மனம் இளகியிருந்தது. பெருநாளுக்கு ஊர் போகும்போது நேரிலேயே சரி சொல்லிவிடலாம் என்று இருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் வீட்டில் அவன் மட்டும்தான். மூன்று நாள் விடுப்பு எடுத்து எல்லாவற்றையும் காட்டினான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்தான் அவனுக்கு வேலை. பெரியப்பாவை அங்கே கூட்டிப்போய், உப்பு எப்படிப் பிரிகிறது என்று விளக்கினான். நாம் நினைப்பதுபோல அங்கே யாரும் உப்பை வடிகட்டி எடுப்பதில்லை. தண்ணீரை மட்டும் உள்ளே விடும் ஒரு மெல்லிய சவ்வின் மேல் கடலைப் பலமாக அழுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

"அழுத்தினா போதுமா? அப்ப உன் பெரியம்மா என்னை அழுத்துற அழுத்துக்கு நான் எப்பவோ இனிச்சிருக்கணுமே," என்றார் முஃப்லிஹ். தர்ஃபா முகத்திரையைச் சரிசெய்வதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

வந்த விருந்தாளியை மூன்று நாள் எதற்கு வந்தாய் என்று கேட்கக்கூடாது. அவர்கள் பக்கத்தில் அது மரியாதை. விருந்தாளியும் தானாக வாய் திறக்கமாட்டார். மூன்று நாள் கழிந்ததும், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "குடிங்க, வந்த காரியம் என்ன?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். கேட்காமல் கோப்பையை எடுத்துவிட்டால், மாட்டேன் என்று அர்த்தம். கேட்டவருக்கும் அவமானமில்லை, மறுத்தவருக்கும் சங்கடமில்லை. கேள்வியே வாயிலிருந்து வராததால் மறுப்பும் வர வேண்டியதில்லை.

இது நவாஃபுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவன் பார்த்து வளர்ந்த ஏற்பாடு வேறு. ஆண்கள் பத்துப் பேர் உட்கார்ந்த கூடம், ஏலக்காய் மணக்கும் காப்பி, பிடியில்லாத சின்னக் கோப்பை. நான்காம் நாள் காலை பெரியப்பா முன்னால் இருந்ததோ, மெஷினில் வந்த நுரைக்காப்பி, கை அகலத்துக்குப் பீங்கான் குவளை. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மேஜையில் வைத்து, கையை எடுத்துக்கொண்டார். தர்ஃபா நவாஃபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனோ, கொட்டையை எவ்வளவு நைசாக அரைத்தால் தண்ணீர் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதை மெஷினின் மூடியைத் திறந்துகாட்டி விளக்கிக்கொண்டிருந்தான். திரும்பினால் குவளை நிறைந்தபடியே இருந்தது.

"கசக்குதா பெரியப்பா? இருங்க, டீ போடறேன்," என்று அதை எடுத்துத் தொட்டியில் ஊற்றினான்.

முஃப்லிஹ் ஒரு கணம் வாசல்பக்கம் பார்த்தார். பிறகு, டீ நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் விமானம் ஏறும்வரை வேறெதுவும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஃபித்தா போனில் பேசும்போது, ஹமூதுக்குத் தஃபீலா என்ற ஊரில் வேறொரு பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டதைச் சாதாரணமாகச் சொன்னாள். பெரியப்பா தோஹாவிலிருந்து திரும்பிய அன்றே அவன் வீட்டுக்குப் போய், இனிக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். குவளையின் கதை அப்போதுதான் வெளியே வந்தது. நவாஃப் சோபாவில் உட்கார்ந்தான். தான் சரி சொல்லத்தான் இருந்ததை, பெருநாளுக்கு வருவதாக இருந்ததை, திக்கித் திக்கிச் சொன்னான்.



"என்கிட்ட சொல்லிட்ட, சரி," என்றாள் ஃபித்தா. "பெரியப்பாகிட்ட சொல்லிடாதே அண்ணா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவார். இந்தா, அவரே உள்ளே வந்துட்டார். பேசணுமாம்."

முஃப்லிஹின் தொண்டைச் செருமல் கேட்டது. உடம்பை விசாரித்தார், ஆலையை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனசுல வச்சுக்காதேடா. அண்ணன்காரன் நீ. வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

நவாஃப் வாயைத் திறந்தான். அந்தப் பக்கம், பெரியப்பாவுக்கு அருகில் ஃபித்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"ஆமா பெரியப்பா," என்றான். "யோசிச்சுதான் வேணாம்னேன்."