ஓடாத லிஃப்டின் சத்தம்

"நீங்க வாயே திறக்க வேண்டாம். மூஞ்சிய மட்டும் ஒழுங்கா வெச்சுக்குங்க, அது போதும்."

மாப்பிள்ளையின் பாட்டு ஆல்பத்தைக் கேட்க நாலாவது மாடிக்குப் புறப்படும்போது என் மனைவி இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மனதில் ஒன்று தோன்றிவிட்டால் அடுத்த நொடி அது என் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இத்தனை வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன், புது லிஃப்ட் வாங்க வருகிறவர்கள் முன்னால் மட்டும் கம்பெனியில் என்னை நிறுத்தவே மாட்டார்கள். "இந்த மாடல் எப்படிங்க?" என்று ஒருத்தர் கேட்டதற்கு நான் ஒன்றுமே சொல்லாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

நாங்கள் இருப்பது கீழ்த்தளம். மகளும் மாப்பிள்ளையும் அதே கட்டடத்தின் நாலாவது மாடி. கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். மேலே போய் இறங்கியதும் மகள் கதவருகிலேயே என்னை மடக்கினாள்.

"அப்பா, அவரப் பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் கேட்டு முடிச்சதும்தான் முடிவு பண்ணுவாராம். வீட்டு மனுஷங்களே உக்காந்து கேக்க முடியலன்னா ஊர்ல யாரு கேப்பான்னு சொல்றாரு."

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டாப் போச்சு."

"பொய் சொன்னா அவருக்குத் தெரிஞ்சுடும். அதுவும் நீங்க சொன்னா..." அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை தரைக்குப் போடும் டைல்ஸ் விற்கும் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டுப் பழைய நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்கிறேன் என்று கிளம்பினார். அதுகூட எனக்குப் பெரிய விஷயமில்லை. குடும்பம் மகள் சம்பளத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் கவலை வேறு. போன வருஷம் ஒரு தடவை இந்த லிஃப்ட் சத்தம் போட ஆரம்பித்தது. லிஃப்ட் பெட்டி ஏறி இறங்க இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இரும்பு இருக்கும். அதை ஒட்டி ஓடும் லைனிங் தேய்ந்துபோய் இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. புதுசு வந்து சேரச் சில நாள் ஆனது. அந்த நாட்களில் மாப்பிள்ளை ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, லிஃப்டில் மேலேயும் கீழேயும் போய் வந்துகொண்டே இருந்தார். எங்கேயும் இறங்கவில்லை. "எங்க மாப்பிள்ளை கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். "சும்மாதான் மாமா" என்றார்.

சும்மா லிஃப்டில் போகிறவரை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. வேலையில்லாமல் வீட்டில் அடைந்துகிடந்து மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள் மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்றாள். அன்றிலிருந்து மகள் சிரித்துப் பேசும்போதெல்லாம் நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். பாவம், இவளுக்கு இன்னும் தெரியவில்லையே என்று.

கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே இரண்டு நாற்காலிகளைப் போட்டு எங்களை உட்காரவைத்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் அப்படி விறைப்பாக உட்கார்ந்ததில்லை. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார், விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பரிதாபமாகிவிட்டது.

முதல் பாட்டில் சம்பந்தியம்மாவின் குரல். மாப்பிள்ளையின் அம்மாதான் எல்லாப் பாட்டையும் பாடியிருக்கிறார் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். நாற்று நடுகிற பாட்டாம். ஒரே ஒரு வரி. அதையே திரும்பத் திரும்பப் பாடினார். நடுவில் இருமினார், அந்த இருமலும் திரும்பத் திரும்ப வந்தது. பின்னால் யாரோ சேற்றில் நடப்பது மாதிரி சளக் சளக்கென்று ஒரு சத்தம். என் மனைவி என் பக்கம் சாய்ந்து, "மெஷின் மாட்டிக்கிச்சா?" என்று காதோடு கேட்டாள். நான் எதிர்ச் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தபடி முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பாட்டு முடியும்வரை அந்த ஆணியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவது பாட்டு கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்கள் பாடுவது. "எறங்கு எறங்கு இருட்டுக்குள்ள, ஏறு ஏறு வெளிச்சத்துக்கு" என்று சம்பந்தியம்மா மெல்ல இழுத்தார். இது பரவாயில்லை என்று நினைத்து நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக ஓர் உரசல், முடிவில் ஒரு தட்டல், திரும்பவும் உரசல்.

போன வருஷம் லிஃப்ட் போட்ட அதே சத்தம். புது லைனிங் போட்டு ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் தேய்ந்துபோக வாய்ப்பே இல்லை. அப்படியானால் இது வேறு ஏதோ பெரிய கோளாறு. ஞாயிற்றுக்கிழமை வேறு, கடைக்குப் போய்விட்டுக் குழந்தை குட்டிகளோடு ஆட்கள் வரும் நேரம். முதலில் நிறுத்து, பிறகு யோசி என்பதுதான் எங்கள் தொழிலில் பாலபாடம். நாற்காலி பின்னால் சாய எழுந்து ஓடினேன். "என்னங்க" என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது காதில் விழுந்தது.

லிஃப்ட் நாலாவது மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. என் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சாவியைப் போட்டுத் திருப்பினேன். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன்.

உரசல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருட்டான லிஃப்டுக்கு முன்னால் கையில் சாவியோடு நின்றேன். ஓடாத லிஃப்ட் ஓடுகிற சத்தம். எனக்கே புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்தச் சத்தத்துக்கு மேலே சம்பந்தியம்மாவின் குரல் ஏறியது. ஏறு ஏறு வெளிச்சத்துக்கு. உரசல் முடிந்து தட்டும் இடத்தில் அவர் மூச்சு வாங்கினார். சத்தம் எனக்குப் பின்னால், நான் திறந்துபோட்டுவிட்டு வந்த கதவுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

நான் திரும்பிப் போனபோது மாப்பிள்ளை குனிந்து ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மகள் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"பரவாயில்ல மாமா" என்றார் அவர், நிமிராமலே. "நாளைக்கே வேலையில சேர்றேன்னு சொல்லிடறேன்."

"லிஃப்ட நிறுத்திட்டு வந்தேன் மாப்பிள்ளை."

"என்ன மாமா?"

"சத்தம் கேட்டுச்சு. லைனிங் போயிடுச்சுன்னு நெனச்சு நிறுத்திட்டு வந்தேன்." சாவியைத் தூக்கிக் காட்டினேன். "அது போன வருஷத்துச் சத்தமா?"

அவர் ஒயரை அப்படியே கீழே விட்டார். "ஆமா. கிணத்து ராட்டினம் மாதிரியே இருந்துச்சு, நீங்க சரி பண்றதுக்குள்ள பிடிச்சுடணும்னு மைக்கைப் பையில வெச்சுக்கிட்டு..."

"அதுக்குத்தான் மேலயும் கீழயும் போய் வந்தீங்களா?"

"வேற எதுக்கு மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ வந்து தூக்கிப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. "உங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு நெனச்சேன்" என்று சொல்லியே விட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு வருஷமாவா அப்பா?" என்றவள், அழுகையை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, என் முகத்தை லிஃப்ட் வாங்க வந்தவர் மாதிரி உற்றுப் பார்த்தார்.

"நெஜமாவே எழுந்து போய் நிறுத்தினீங்களா?"

"இப்ப போய்ப் பாருங்க, இருட்டா நிக்குது."

"பாட்டு எப்படி இருந்துச்சு மாமா?"

"மொதப் பாட்டு எனக்குப் பிடிக்கல" என்றேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டாவது நல்லா இருந்துச்சா இல்லையான்னு சொல்லத் தெரியல. பயந்துட்டேன். அது எங்க போய் முடியுதுன்னு கேக்கணும், முதல்லேர்ந்து போடுங்க."

அவர் உட்கார்ந்து, சுருட்டிய ஒயரைப் பிரித்து மறுபடி செருகினார். இந்த முறை ஜன்னல் பக்கம் போகவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியம்மாவின் குரல் இருட்டுக்குள் இறங்கத் தொடங்கியது.

பாட்டு பாதியில் இருக்கும்போது கீழேயிருந்து படியேறி வரும் காலடி கேட்டது. பாரம் தூக்கிய, மூச்சு வாங்குகிற காலடி. ஐந்தாவது மாடிக்காரராக இருக்கும். அட, லிஃப்டைத் திரும்பப் போடவில்லையே என்று சாவியோடு பாதி எழுந்தேன். மாப்பிள்ளை என் முழங்காலில் கையை வைத்தார். திறந்தே கிடந்த கதவுக்கு வெளியே, படிமேடையில், காலடி நின்றது. பைகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. உரசல் ஏறியது, தட்டியது, மறுபடி ஏறியது. பாட்டு முடியும்வரை பைகளைத் தூக்கும் சத்தம் கேட்கவில்லை.