இரண்டாவது ஓட்டு யாருடையது?

தாமரை தொடங்கிய விவாதம் கிள்ளான் நகரப் பெற்றோர் இணைய மன்றத்திலிருந்து காணாமல் போய் மூன்று நாளாகியிருந்தது. தன் ஏழு வயது மகளைப் பள்ளி வேன்காரன் வேறொரு தாமான் குடியிருப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டான் என்று அவள் எழுதியிருந்தாள். அறுபது பேர் பதில் போட்டிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரே வரி: 'இருவர் ஒப்புதலுடன் நீக்கப்பட்டது. காரணம்: ஆதாரம் இல்லை.'

அந்த இருவரில் ஒருத்தி மலர். ஆனால் மலர் ஒப்புதல் கொடுக்கவே இல்லை.

மன்றத்தை நடத்துவது இரண்டே பேர், அவளும் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கும் கிரிகரியும். இருவர் ஓட்டும் விழாமல் எதையும் அழிக்கவோ, அழித்ததை மீட்கவோ கூடாது என்று விதி எழுதியவளே மலர்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எழுதாத வழக்கம் ஒன்றும் இருந்தது. தைப்பூசத்தன்று அவள் பால்குடத்தோடு பத்துமலைக்குப் போவாள். அன்றைக்கு அவள் பாஸ்வேர்டு கிரிகரியிடம். பெரிய வெள்ளியன்று அவர் தேவாலயத்தை விட்டு நகரமாட்டார். அன்றைக்கு அவருடையது இவளிடம். கடன் விளம்பரம், லாட்டரி நம்பர் மாதிரிக் குப்பையைக் கூட்டித் தள்ள மட்டும்தான் அந்த ஏற்பாடு. தைப்பூசத்தன்றுதான் தாமரையின் விவாதம் போயிருந்தது.

"அக்கா, நான் பொய் சொன்னதாலதான் எடுத்துட்டாங்கன்னு ஸ்கூல் கேட்ல பேசிக்கிறாங்க. யாரும் எங்கூட நிக்கறதே இல்ல," என்று தாமரை போனில் சொன்னாள். மலர் விசாரித்தாள். வேன்காரன் மார்வின், கிரிகரியின் தங்கை மகன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, வேறென்ன.

சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் சும்மா உட்காராது. கொமியூட்டர் ரயிலில் அவரைப் பார்க்கப் போகும்போதே, இதுவரை கிரிகரி அழிக்கச் சொன்னதையெல்லாம் தோண்டினாள். சாப்பாட்டுக் கடை மீது புகாரா, அது அவர் தினமும் சாப்பிடும் கடையாக இருக்கும். டாக்டர் மீதா, தேவாலயத்தில் பக்கத்து பெஞ்சுக்காரராக இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் கிரிகரி தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"மார்வின் உங்க தங்கச்சி மகனா, அண்ணே?"

"ஆமா."

"என் ஓட்டையும் நீங்களே போட்டீங்களா?"

"போட்டேன். அவன் பொழப்பு போயிடும்னு பயந்துட்டேன். தப்புதான் மா."

அவர் மறுப்பார், நன்றாகச் சண்டை போடலாம் என்று வந்தவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "ஒரே ஆளு ரெண்டு ஓட்டு போட்டா அப்புறம் ரூல்ஸ் எதுக்கு?" என்றாள்.

"அதத்தான் நானும் போன வருஷம் கேக்கணும்னு நெனச்சேன். உன் அண்ணன் சபாபதி டியூஷன்ல பிள்ளைய அடிக்கிறாருன்னு இராஜம்மா போஸ்ட் போட்டாங்களே. பெரிய வெள்ளி அன்னிக்குக் காணாமப் போச்சு. காரணம், ஆதாரம் இல்ல. நான் காப்பியடிச்சேன், அவ்வளவுதான்."

அதை அழித்தது மறந்துபோயிற்று என்று மலர் சொல்லியிருந்தால் பொய். கேட்பாரோ என்று ஒரு வாரம் பயந்திருந்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் விட்டுவிட்டாள்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான். இல்ல, எனக்கும் ஒரு நாள் தேவப்படும்னு தோணிச்சோ என்னமோ."

"தாமரையோடத இப்பவே திருப்பிப் போடணும்."

"போடலாம் லா. இராஜம்மாவோடதும் சேத்துத்தான்."

அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசிக்கும்போதே போன் வந்தது. தாமரைதான்.

"அக்கா, யாரு அழிச்சான்னு தெரிஞ்சுதா?"

கிரிகரி குனிந்துகொண்டார். அவர் பெயரை மட்டும் சொல்லிவிடலாம், வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரிஞ்சுது. ரெண்டு பேரு. அதுல நானும் ஒருத்தி," என்றாள் மலர்.

தாமரை போனை வைத்துவிட்டாள். மலர் இரண்டு விவாதங்களையும் மீட்கத் தன் ஓட்டைப் போட்டாள். பிறகு கிரிகரி தன் போனில் விரலை வைக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்டபோது அவரும் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.