நேசமலர் எழுதிய இரு பக்கங்கள்

கொலன்னாவையின் எண்ணெய்க் கொள்கலங்கள் வடக்குப் போராளிகளின் தாக்குதலில் தீப்பற்றி நான்கு நாள்கள் கழிந்திருந்தன. ஆயினும், அன்று விண்ணை மறைத்தெழுந்த கரும்புகையின் எச்சம் கொழும்பு மாநகரின் மீது அழுக்கேறிய போர்வை போற் படிந்து கிடக்க, துறைமுகத்துக் கப்பல்களின் கூவலும் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தின் காலை மணியும் அப்புகையூடே நலிந்து ஒலித்தன. தெருமுனைதோறும் மணல்மூட்டைகளின் மேல் படைவீரரின் துவக்குகள் நீண்டிருக்க, அவற்றைக் காணாதார் போல் முகந்திருப்பி நடந்தனர் மாந்தர்.

அக்காலை வேளையில், அப்பகுதித் தமிழ்ப் பள்ளியொன்றின் ஐந்தாம் வகுப்பில் நின்றிருந்தாள் பேர்ணடெற். துறைமுக எழுத்தரொருவரின் மகள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஈராண்டு பயின்று, கற்பித்துப் பழகும்பொருட்டு அங்கு அனுப்பப்பட்டவள். பயிற்சி முடிவில், 'கற்பித்தலில் என் கொள்கை' என்று ஒரு கட்டுரையை அவள் கல்லூரிக்கு அளித்தல் வேண்டும். அதன் முதல் வரியை முன்னமே எழுதி வைத்திருந்தாள்: 'குழந்தை தன் நெஞ்சிலுள்ளதை அஞ்சாது கூறச் செய்வதே ஆசிரியப்பணி.'

ஆதலால் அன்று 'என் வீட்டார்' என்னும் பொருளைக் கரும்பலகையில் வரைந்து, "ஒருத்தரும் பொய் எழுத வேணாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றாள்.

வடக்கிலிருந்து தாயுடன் வந்து மூன்று திங்களாகியும் வாய்திறவாதிருந்த நேசமலர் என்னும் சிறுமி, அன்று தலைநிமிராது இரண்டு பக்கங்களை நிறைத்தாள். அடைபட்ட ஊற்றுக்கண் திறந்ததெனப் பேருவகை கொண்டு அவ்வேட்டை வாங்கிப் படித்த பேர்ணடெற்றின் கண்கள், இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நிலைத்தன.

'சின்னண்ணன் இயக்கத்தோட காட்டுக்குப் போனவர். கேட்டால் மாமா வீட்டில் எண்டு சொல்லச் சொல்லி அம்மா சொன்னவ.'

அவள் அவ்வேட்டை மூடவும், கனத்த காலணிகளின் ஓசை நடைவழியில் நெருங்கவும் ஒன்றாயின. வெளிறிய முகத்தினராய்த் தலைமையாசிரியர் முன்வர, அவர்பின்னே காவற்றுறை அதிகாரி ஒருவரும் படைவீரர் இருவரும் நுழைந்தனர். வடக்கிலிருந்து புதிதாய் வந்தோரின் பிள்ளைகளை உசாவ வந்தவர் அவர். கையிலிருந்த குடும்பப் பதிவைப் பார்த்து நேசமலரை எழுப்பி நிறுத்தி, தடுமாறும் தமிழில் கேட்டார்:

"அண்ணன் எங்க?"

சிறுமி அவரை நோக்கவில்லை. பொய் வேண்டாவென்று சற்றுமுன் சொன்ன ஆசிரியையின் முகத்தையே நோக்கினாள். ஏட்டை மார்போடு அணைத்திருந்த பேர்ணடெற், தன் குரல் தனக்கே அயலதாய் ஒலிக்கக் கூறினாள்:

"மாமா வீட்டில சேர். தாய் எனக்குச் சொன்னவ."

"உங்கள கேட்கல்ல. பிள்ள சொல்லட்டும்."

பேர்ணடெற் சிறுமியை நோக்கி, அப்படியே சொல்லென்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

"ஓம்... மாமா வீட்டில" என்றாள் நேசமலர்.

அதிகாரி ஆசிரியையின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டு, "பொய் எண்டா நீங்கதான் பொறுப்பு" எனக் கூறி அகன்றார். நேசமலர் தன் இருக்கையில் அமர்ந்தாள். மாலையில் பேர்ணடெற் அவ்விரு பக்கங்களையும் கிழித்து அடுப்பிலிட்டாள்.

மறுநாள் நேசமலர் வரவில்லை; அதற்கு மறுநாளும் வரவில்லை. அவர்கள் வாடகைக்கிருந்த அறையைத் தேடிச் சென்றபோது, வீட்டுக்குரியவளான ஹப்ஸா கதவைப் பாதியே திறந்தாள்.

"உம்மாவும் புள்ளயும் நேத்து விடியவே பெய்த்தாங்க டீச்சர். எங்கண்டு சொல்லல்ல."

"பொலிஸ் வந்ததா?"

"இல்ல. புள்ள டீச்சர்ட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டாளாம். அதக் கேட்டு உம்மா பயந்துட்டா."

அவர்கள் அஞ்சியோடியது காவலருக்கு அன்று, தனக்கே என்பதை உணர்ந்த பேர்ணடெற், வந்த வழியே திரும்பி நடந்தாள். பின்னர் இருமுறை காவலர் அவள் இல்லத்துக்கு வந்து உசாவினர். இருமுறையும் அவள் அதே பொய்யை உரைத்தாள். கல்லூரிக்கு அளித்த கட்டுரையில் பழைய வரியை அடித்துவிட்டு, 'பேசென்று குழந்தையைப் பணிக்குமுன், அதன் சொல்லைக் காக்கும் வலிமை எனக்குண்டோவென்று கேட்டுக்கொள்வேன்' என்று மட்டுமே எழுதினாள். அது போதாதென்று திருப்பியனுப்பினர். அவளோ வேறொன்றும் சேர்த்திலள்.

இவையெல்லாம் நிகழுமுன், நேசமலர் சென்றதற்கு அடுத்த திங்கட்கிழமை, வகுப்பில் பிள்ளைகள் ஏடுகளை விரித்து, அவள் முகம் நோக்கிக் காத்திருந்தனர்.

"விரும்பினத எழுதுங்க," என்றாள் அவள். "எனக்குக் காட்டத் தேவயில்ல."

பிள்ளைகள் ஐயத்துடன் ஒருவரையொருவர் பார்த்தனர். பின் ஒவ்வொருவராய், இடக்கையால் ஏட்டை மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினர். அவள் சாளரத்தருகே சென்று, அவர்களுக்கு முதுகுகாட்டி, தெருவைக் காத்து நின்றாள்.