ஓட்டைக்கு நானூறு

"முன்னால ரோடு அடைச்சுக் கிடக்கு, நிறுத்து" என்று முகம் தெரியாத ஒருவன் சொல்வதைக் கேட்க, வயோமிங்கில் அன்றைய விலை நூற்றுப் பதினெட்டு டாலர். ஆன்டெனா அறுபத்தெட்டு, அதைப் பொருத்தக் கூலி ஐம்பது.

போன வாரம் பனிப்புகையில், லாரி டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ லோனியின் வண்டியில் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற டிரெய்லரின் தாழ்ப்பாள் ஒரு முழ தூரத்துக்கு வந்தபோதுதான் அவன் லாரி நின்றது. அதனால்தான் இன்று வெர்னின் ரேடியோ கடை வாசலில் காத்திருந்தான்.

வெர்ன் ஆன்டெனாவை முதலில் பக்கக் கண்ணாடியின் தண்டில் கவ்வவைத்து மீட்டரைப் பார்த்தான். முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

"மேலெல்லாம் ஃபைபர், டிரைவரே. எர்த்தே கிடைக்கல. பின்சுவத்துல ஓட்டை போட்டு, சேஸிஸ்ல இருந்து எர்த் பட்டை இழுத்தாத்தான் பேசும்."

"ஓட்டை போடக் கூடாதும்பாங்க. வண்டி இன்னும் கம்பெனிதுதான்."

"வாராவாரம் தவணை கட்டுறது யாரு?"

"நான்தான்."

"டயரு?"

"அதுவும் நான்தான்."

"அப்ப கம்பெனிக்கு அதுல என்னதான் இருக்கு, பேரா?"

"பேருலதான்யா எல்லாம் இருக்கு." லோனி துளைக்கருவியையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரி போடு. சின்னதாப் போடு."

முள் பச்சைக்கு வந்தது. மலைப்பக்கம் யாரோ ஒருத்தி காற்றைத் திட்டிக்கொண்டிருப்பது ரேடியோவில் தெளிவாகக் கேட்டது.

அந்த மாதம் ரேடியோ மூன்று முறை எச்சரித்தது. மூன்று முறையும் லோனி ஒதுங்கி நின்றான். மூன்றாவது முறை, ஒதுங்காமல் போன பதினொரு லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆனால் லோனியின் சரக்கு மூன்று முறையும் தாமதம். கம்பெனி லோடு கொடுப்பதை நிறுத்தியது, தவணை இரண்டு நின்றது, சாவியைக் கேட்டார்கள்.

கம்பெனி யார்டில் வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ட்ரீனா லோனியின் வண்டியைச் சுற்றி வந்தாள். "ஒரு கீறல் இல்லியே கண்ணு. இப்படி யாரும் திருப்பித் தந்ததே இல்ல." பின்பக்கம் போய் நின்றாள். "இதென்ன ஓட்டை?"

"ஆன்டெனாவுக்கு. கழட்டிட்டுப் போயிடறேன்."

"பூட்டினது வண்டியோட சேர்ந்தது. நீ கையெழுத்துப் போட்டதுலயே இருக்கு. கழட்டினா தண்ணி வேற இறங்கும்."

அவன் துணிப்பையோடு இறங்குவதற்குள் முன்கண்ணாடியில் அடுத்த டிரைவருக்கான அட்டையைச் செருகிவிட்டாள். ரேடியோ வசதி உண்டு, வாரம் இருபது டாலர் கூடுதல்.

பிறகு கணக்கைக் கையில் கொடுத்தாள். நின்ற தவணை இரண்டும் சேர்த்து ஆயிரத்து எழுநூறு. ஓட்டைக்கு நானூறு. ஆன்டெனாவுக்கு நேரே தொகை இல்லை, ஒரு கோடு. அவன் கட்டியிருந்த முன்பணம் ஆயிரம் கழித்து, லோனி தரவேண்டிய பாக்கி ஆயிரத்து நூறு.