லயத்தோடு போன சர்ட்டிபிகேட்

ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே குமுதா ஒரு பொய் சொன்னாள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து எஸ்.பி.எம். பரீட்சையும் எழுதினாளாம்; தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை இடித்தபோது சர்ட்டிபிகேட் தொலைந்துவிட்டதாம். அந்தப் பொய்க்குச் சாட்சியே வேண்டாம். ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பேராக் மாநிலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிறப்புப் பத்திரம்கூட அப்படித்தான் போயிற்று. நிர்வாகி பெட்ரீசியா 'ஐயோ பாவம்' என்று வேலை கொடுத்துவிட்டார்.

தொலைப்பதற்கு அவளிடம் எதுவும் இருந்ததே இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர்களை மலாய் பழக்கவென்று ஒரு வருடம் உட்கார வைக்கும் ரிமூவ் வகுப்பில் நான்கு மாதம் இருந்தாள். அப்பா படுத்த படுக்கையானார். அம்மாவோடு ரப்பர் பாலெடுக்க, பால்மரம் வெட்டப் போய்விட்டாள்.

பதினான்கு வருடம் பொய் சமர்த்தாகத் தூங்கியது. அதை எழுப்பிவிட்டது பெட்ரீசியாவின் நல்ல மனசுதான். பராமரிப்பாளர் பயிற்சிக்கு இல்லத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும், அது குமுதாதான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். பயிற்சி முடித்தால் ஒரு பிரிவையே அவள் பொறுப்பில் விடுவார்கள். அவள் ஏங்கிக் கிடந்ததும் அதற்குத்தான். பயிற்சிக்குக் கேட்கும் சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் என்ன, தேர்வு வாரியத்தில் நகல் எடுத்துக்கொள்ளலாம், பரீட்சை எழுதிய வருடத்தை மட்டும் சொல் என்றார் பெட்ரீசியா.

எழுதாத பரீட்சைக்கு எந்த வருடத்தைச் சொல்வாள் குமுதா? முட்டி வலி என்று சொல்லிக் கழன்றுகொண்டால் பொய் மறுபடியும் தூங்கப் போய்விடும். அவளும் மெத்தை விரிப்பு மாற்றியே காலத்தை ஓட்டலாம். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் டியூசன் சென்டரில் எஸ்.பி.எம். வகுப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு, நேராக நிர்வாகியின் அறைக்குப் போனாள். பின்வாங்க வழி இருக்கக் கூடாது என்றுதான் அந்த வரிசையில் செய்தாள்.

"அக்கா, நான் எஸ்.பி.எம். எழுதவே இல்லக்கா. ரிமூவோட நின்னுட்டேன். ஒங்ககிட்ட சொன்னது பொய்."

பெட்ரீசியாவின் முகம் இறுகிவிட்டது. இதற்காக வேலையை விட்டே அனுப்பலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். பயிற்சிக்கு விவியன் போகட்டும் என்றார். நேற்று வந்த பெண் விவியன். குமுதாவுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் லீவு வேண்டும், ஈடாக ஞாயிறு முழுக்க வேலை பார்க்கிறேன் என்றாள்.

"இந்த வயசுலயா? ஃபெயிலாயிட்டா என்ன செய்வ?"

"திரும்ப எழுதுவேன் லா, அக்கா. பொய்யத் தூக்கிக்கிட்டுப் பதினாலு வருசம் நடந்தேன். புக்கத் தூக்கிக்கிட்டு ரெண்டு வருசம் நடக்க மாட்டேனா?"

பெட்ரீசியா வேலை அட்டவணையை இழுத்து, சனிக்கிழமைக் காலைக் கட்டத்தில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். மன்னிப்பு இல்லைதான். குமுதாவுக்கு அது போதும்.

சனிக்கிழமை, டியூசன் சென்டர் கதவைத் திறந்ததும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் நாற்காலிகளைக் கரகரவென்று தள்ளி எழுந்து நின்றார்கள்.

"வணக்கம் டீச்சர்."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. ஒரு நொடி, சத்தியமாக ஒரே நொடி, அந்த மரியாதை இனிக்கத்தான் செய்தது.

"ஒக்காருங்க பிள்ளைங்களா. நான் டீச்சர் இல்ல, ஒங்ககூட படிக்க வந்திருக்கேன்," என்றாள். "கொஞ்சம் தள்ளிக்குங்க."

முதல் வரிசையில் இடம் விட்டார்கள்.