ஆவியறையில் மூல்தி

காபெஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், அறுவைக் கருவிகளை அவிக்கும் எந்திரத்தைத் திறந்தால், அவை கடைசியாக யார் உடம்பில் பட்டனவோ அவருடைய உருவத்தில்தான் நீராவி வெளியே வரும். முகம், தோள், சில நேரம் மீசைகூடத் தெரியும். பிழைக்கப்போகிறவர்களின் உருவம் கூரையைத் தொடுவதற்குள் கலைந்துவிடும். சாகப்போகிறவர்களுடையது கலையாமல் நின்று, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சன்னல் வழியாகக் கடல் பக்கம் போகும். அன்றைக்கே வார்டில் ஒரு கட்டில் காலியாகும். முதலில் எல்லோரும் பயந்தார்கள். பிறகு, மீனவர்கள் காற்றைப் பற்றி விசாரிப்பதுபோல, "இன்னிக்கு யாராவது நின்னாங்களா?" என்று நர்சுகள் கேட்கப் பழகினார்கள். கருவிகளைக் கழுவி அவிக்கும் வசீலா, நின்றாலும் இல்லையென்றே சொல்வாள்.

அவள் தம்பி மூல்திக்குக் குடல்வால் வெடித்தபோது டாக்டர் ஷத்லி வயிற்றைத் திறந்து சுத்தம் செய்தார். மயக்கம் தெளிந்ததும் மூல்தி, "அக்கா, என்னைக் கிழிச்ச கத்தியை நல்லாத் தேச்சுக் கழுவு. இல்லேன்னா அடுத்த ஆளுக்கு என் பசி தொத்திக்கும்" என்றான்.

"வாயை மூடிட்டுப் படுடா."

கத்தரிக்கோல் இடுக்குகளில் காய்ந்திருந்த அவன் ரத்தத்தைப் பிரஷால் தேய்த்துக் கழுவி, துணியில் பொதிந்து எந்திரத்தில் வைத்தாள். அவிந்து முடிந்த பிறகும் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. அதற்குள் பிரசவம் சிக்கலான ஒருத்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேறு கருவி இல்லை. டாக்டரே வந்து கதவைத் தட்டினார்.

"வசீலா, ரெண்டு உசிரு காத்திட்டிருக்கு. திறம்மா."

சன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத்துணி திணித்துவிட்டுத்தான் எந்திரத்தைத் திறந்தாள். மூல்தி வந்து நின்றான். கலையவில்லை. கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சன்னலுக்குப் போய், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். கண்ணாடி வேர்த்தது. "எங்கேயும் போகாதடா. இங்கேயே இரு" என்று சொல்லிக்கொண்டே கருவிகளை வெளியே நீட்டினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் சன்னலுக்கு ஆணி அடிக்கச் சொன்னாள்.

மூல்தி சாகவில்லை. லாரி ஓட்டினான், கல்யாணம் செய்துகொண்டான். குளிர்காலத்தில் மட்டும் மற்றவர்களைப்போல அவன் மூச்சில் ஆவி வராது. "கல்லு மாதிரி சில்லுன்னு கிடக்குறாரு, மதினி" என்று அவன் மனைவி குறைப்பட்டாள். "கிடக்கானே, அது போதாதா?" என்றாள் வசீலா. ஒருமுறை அவன் அந்த அறைக்கு வந்து, நின்றிருந்த தன்னையே நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனான். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

வசீலா ஓய்வு பெற்றாள். புது எந்திரமும் வந்தது. வேலைக்கு வந்த புதுப் பெண்ணுக்குக் குழாய், பிரஷ், கையுறை எல்லாம் எங்கே என்று காட்டியபோது, சன்னலோரம் நிற்கும் அந்த உருவத்தையும் காட்டினார்கள். சுடச்சுடத் தட்டை எடுத்து வரும்போது அவள், "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே" என்பாள். அது தள்ளிக்கொள்ளும்.