கொம்புக்குப் பிடித்து வைத்த இடம்

அந்தக் கிளியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கணினித் திரையின் மூலையில் உட்கார்ந்துகொண்டு எதற்கெடுத்தாலும் "அருமை" என்றது. சரியாகச் செய்தால் அருமை. தப்பாகச் செய்தால் அருமையான முயற்சி. என் அக்கா மகள் மூன்றாம் நாளே அதற்கு ஜால்ரா என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவளை வீட்டில் மிளகு என்போம். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், காரம் அதற்கு மேல். மூன்றாம் வகுப்பு. பேசவிட்டால் நாலு பேரை வாயடைக்க வைப்பாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் "கடை" என்று அச்சடித்திருப்பதைக் "கைட" என்று படிப்பாள். மலை அவளுக்கு மைல. தலை, தைல. எழுதச் சொன்னால் கொம்பு ஏதாவது ஓர் எழுத்துக்குப் பின்னால் போய் அநாதையாக நிற்கும்.

பள்ளிக்கூடத்துக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு சிறப்பு ஆசிரியை வருவார். பிள்ளைகள் அவரைச் செவ்வாய் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவர்தான் இதற்கு டிஸ்லெக்சியா என்று பேர் சொன்னவர்.

"கண்ணுல கோளாறா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லைங்க."

"அப்ப மூளையிலயா?"

"கோளாறே இல்லைங்க. எல்லாருக்கும் எழுத்து மெயின் ரோட்டுல போகுது. இவளுக்குச் சந்து பொந்தா சுத்திட்டுப் போகுது. போய்ச் சேந்துடும், நேரமாகும்."

அவரே எங்கள் பழைய மடிக்கணினியில் அந்தக் கிளிப் பாடத்தை ஏற்றிக் கொடுத்தார். தினமும் அரை மணி நேரம் செய்யச் சொன்னார்.

அந்த அரை மணி நேரம் என் தலையில் விழுந்தது. அக்கா துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், வீடு வர ஆறு மணி ஆகும். எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. துண்டு போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நசுங்கிய ரொட்டியைப் பொறுக்கிப் போட வேண்டும். கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டதிலிருந்து இதுதான். பகலில் வீட்டில் கிடப்பவன் என்பதால் பகல் வேலை எல்லாம் எனக்கு. மூன்றரைக்கு மிளகைக் கூட்டி வருவேன், கணினியைத் திறப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவேன். நான் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கிளி ஒரு வார்த்தையைச் சொல்லும். திரையில் கட்டைகள் வரும். டை, லை, கொ, தே என்று ஒவ்வொரு கட்டையிலும் ஓர் எழுத்து முழுசாக, கொம்பும் காலும் ஒட்டியே இருக்கும். சரியான கட்டைகளை இழுத்து வைத்தால் அருமை. மூன்று வாரத்தில் மிளகு நிறையப் புள்ளிகள் வாங்கினாள். பேனாவைக் கொடுத்தால் பழையபடி கொம்பு அநாதை.

இதற்கிடையில் வகுப்பு டீச்சர் கெடு வைத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பத்து வார்த்தை சொல்வார். ஆறு வார்த்தையாவது சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் மூன்றாம் வகுப்பு. கணினியில் எழுதலாமா என்று அக்கா போய்க் கேட்டாள்.

"எல்லாப் பிள்ளைங்களும் பேனாவுலதான் எழுதுது. இவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று பதில் வந்தது.

அக்கா வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள். மிளகுக்குக் கவலை வேறு. அவள் பெஞ்சில் கூட உட்காரும் பெண் ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பாள். பட்டப்பெயர் ஸ்கேல்.

"மாமா, நான் ஃபெயிலானா ஸ்கேல் நாலாவதுல யாரு பக்கத்துல உக்காருவா?"

"வேற யாராவது பக்கத்துல."

"அதான் மாமா பிரச்சினையே."

அவள் அழவில்லை. அதன்பிறகு கட்டைகளை இன்னும் அழுத்தி இழுத்தாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். கிளியின் தேன் வடியும் குரல்தான் எழுப்பியது.

"கொறட்டை மாமா" என்றது கிளி.

கண்ணைத் திறந்தேன். என் முழங்கை விசைப்பலகை மேல் இருந்தது.

"யாரு அதை அப்படிச் சொல்ல வச்சது?"

"நான்தான்" என்றாள் மிளகு. "உன் கை எதையோ அமுக்கிடுச்சு. இந்தப் பக்கம் வந்துச்சு. அரை மணி நேரமா அமுக்கிட்டிருக்கேன்."

பார்த்தேன். ஆசிரியர் பக்கம் என்று மேலே போட்டிருந்தது. டீச்சர்கள் தங்களுக்கு வேண்டிய வார்த்தையை ஏற்றிக்கொள்ளும் இடம். கட்டைகள் கிடையாது. ஒரு பக்கம் வெறும் எழுத்துகள். மறுபக்கம் கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனியாக. அடித்ததைக் கிளி அப்படியே படித்துக் காட்டும்.

"தப்பா அடிச்சா தப்பாவே படிக்குது மாமா. இங்க அருமை கிருமை ஒண்ணும் இல்ல. இன்னைக்குத்தான் இது உண்மை பேசுது."

"சரி. மறுபடியும் கட்டைக்குப் போ."

"இரு. ஒண்ணு காட்டுறேன். கண்ணை மூடாத."

க அடித்தாள். ட அடித்தாள். திரையில் "கட" என்று இருந்தது. பிறகு சுருண்ட கொம்பை அழுத்தினாள். "கடை" ஆனது.

"பாத்தியா?"

"என்னத்தை?"

"கொம்பை நான் கடைசியாதான் அமுக்கினேன். கடைசியில நிக்காம ட-வைத் தள்ளிட்டு நடுவுல பூந்துடுச்சு. மறுபடி பாரு." அழித்தாள். அடித்தாள். கொம்பு ட-வைத் தள்ளிக்கொண்டு க-வுக்கும் ட-வுக்கும் நடுவே போய் நின்றது. "வரிசையில குறுக்க பூருது மாமா. சத்தம் கடைசியா வருது, ஆளு மட்டும் முன்னாடி போய் நின்னுக்குது."

நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் படிக்கிறேன். இது என் கண்ணில் பட்டதே இல்லை.

"பேப்பர்ல பூந்தது தெரியாது" என்றாள். "பூந்து முடிச்சப்புறம்தான நம்மகிட்ட காட்டுறாங்க. நான் வரிசைப்படிதான் படிச்சேன். என்னைப் போய் கவனமில்லைன்னு சொன்னாங்க."

எழுத்தே அடிக்காமல் முதலில் கொம்பை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் அழுத்திப் பார்த்தேன். கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வந்தது. கிளி வாயே திறக்கவில்லை.

"அது பேய்" என்றாள் மிளகு. "ஆள் இல்லாத இடத்துல கொம்பு மட்டும் போனா பேய்தான் நிக்கும்."

அன்றைக்கு அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. நான் தூங்கவில்லை. "மேனேஜர் மொட்டை" என்று என் மேனேஜரைக் கிளி அழைத்தது. "ஸ்கேல் ஒல்லி" என்றது. அடித்தது தப்பானால் கிளி உளறும். உளறலைக் கேட்டு மிளகு விழுந்து விழுந்து சிரிப்பாள், பிறகு எந்தக் கொம்பு எவன் பின்னால் வந்தது என்று தேடித் திருத்துவாள். ஆறு மணிக்கு அக்கா கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல், "அம்மா லேட்டு, அம்மா லேட்டு" என்றது.

"யாருடா அது வீட்டுல?" என்று அக்கா செருப்போடு உள்ளே வந்துவிட்டாள்.

விஷயம் புரிந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பிறகு அவளும் உட்கார்ந்து, தன் சூப்பர்வைசரைப் பற்றிக் கிளியை ஒரு வார்த்தை சொல்ல வைத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

புதன் முழுக்க இதே ஆட்டம். மிளகு கடையைக் கடை என்றே படித்தாள். விரலைக் கொம்பில் வைத்து, "நீ அப்புறம் வா" என்று அதட்டிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவாள், பிறகு திரும்பி வந்து அதைச் சேர்த்துக்கொள்வாள். மெதுவாகத்தான். ஆனால் சரியாக.

வியாழன் சாயங்காலம் பேனாவைக் கொடுத்தேன். "மலை" என்றேன். ம எழுதினாள், ல எழுதினாள், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கொம்பு?"

"எங்க போடுறது? பேப்பர் நகர மாட்டேங்குது."

உண்மைதான். திரையில் எழுத்து தானாக நகர்ந்து இடம் கொடுத்தது. காகிதத்தில் ம-வும் ல-வும் ஒட்டி நின்றன.

"முதல்லயே கொம்பைப் போட்டுட்டு அப்புறம் ல போடு."

"முதல்ல போட்டா அது பேய் மாமா. யாரோடதுன்னு மறந்துடுது." இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் மைல. காகிதத்தைக் கசக்கவில்லை, ஒழுங்காக மடித்துக் குப்பையில் போட்டாள். அவள் அப்படி ஒழுங்காக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதே நினைப்போடு வேலைக்குப் போனேன். அன்று நசுங்காத ரொட்டியைக்கூடப் பொறுக்கிப் போட்டிருப்பேன்.

வெள்ளி காலை அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. வேலை முடிந்து மாவு படிந்த சட்டையோடு நானே மிளகைக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூட வாசலில் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் பிள்ளைகள் வரிசை. நடுவில் ஸ்கேல், முன்னால் ஒரு கை அகலம் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒருவன் இடித்தான்.

"முன்னாடி போடி, எவ்ளோ இடம் இருக்கு."

"ஆள் வருது" என்றாள் ஸ்கேல்.

மிளகு ஓடிப்போய் அந்த இடத்தில் நின்றாள். தண்ணீர் குடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பி ஸ்கேலைப் பார்த்தாள், காலடியில் இருந்த தரையைப் பார்த்தாள், வரிசையை விட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"மாமா, இடம் பிடிச்சு வச்சா போதும்."

"எதுக்கு?"

"கொம்புக்கு."

விளக்கம் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வகுப்பு டீச்சர் அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்குப் பின்பெஞ்சைக் காட்டினார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு, முட்டி நெஞ்சில் இடித்தது. மற்ற பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஸ்கேல் வரையவில்லை.

"மலை" என்றார் டீச்சர்.

மிளகு ஓர் இடம் விட்டு ம எழுதினாள். மறுபடி ஓர் இடம் விட்டு ல எழுதினாள். உதட்டை அசைத்துச் சத்தத்தைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பேனாவைப் பின்னால் கொண்டுபோய், விட்டு வைத்த இடத்தில் கொம்பைப் போட்டாள்.

"வீடு." இரண்டு இடங்களும் காலியாகவே நின்றன.

"கோழி." முன்னால் கொம்பு, பின்னால் கால்.

நாலாவது வார்த்தையில் டீச்சர் நிறுத்தினார். "என்னம்மா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி நடு நடுவுல காலி?"

"இடம் பிடிச்சு வச்சிருக்கேன் டீச்சர்."

"யாருக்கு?"

"கொம்புக்கு. அது கடைசியாதான் வரும். ஆனா முன்னாடிதான் நிக்கும். வந்தா நிக்கட்டும். வரலைன்னா காலியா இருக்கட்டும்."

டீச்சர் அடுத்த வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

பத்தும் முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் பின்பெஞ்சிலிருந்து அவர் கையையே பார்த்தேன். ஏழு சரி. கோழியில் ளி போட்டிருந்தாள், இன்னும் இரண்டில் ஒற்றெழுத்தை விட்டிருந்தாள். கொம்பு பத்து வார்த்தையிலும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

டீச்சர் தன் நோட்டின் ஓரத்தில் "கடை" என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்தார். "நான் எப்பவும் கொம்பை முன்னாடியே போட்டுடுறேன்" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "அடுத்து ட வரும்னு எனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியாதே டீச்சர்" என்றாள் மிளகு.

"ஆமா" என்றார் அவர். "உனக்கு எப்படித் தெரியும்."

அதன்பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. ஏழு என்று கண்ணால் பார்த்ததும் உடம்பு விட்டுவிட்டது. வகுப்பே சிரிக்கும் சத்தத்தில்தான் விழித்தேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. டீச்சர் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொல்லியிருக்கிறார். மிளகு "மாமா கொறட்டை விடுவார்" என்று எழுதியிருக்கிறாள்.

"கொ இல்ல, கு" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "குறட்டை."

"எங்க வீட்டுல கொறட்டைதான் டீச்சர்."

"அதான் இவ்ளோ நேரமா கேட்டுட்டிருந்தேனே" என்றார் டீச்சர். "தம்பி, பெஞ்சு உடையாம எந்திரிங்க."

எழுந்தேன். அவர் பலகைக்குப் போய்க் குறட்டை என்று எழுத ஆரம்பித்தார். கு, ற, ட் எழுதினார். அதற்கப்புறம் சாக்பீஸைத் தூக்கி, ஓர் இடம் தள்ளி ட எழுதினார். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். "இப்ப யாரு வரணும்?"

"கொம்பு" என்று முதலில் சொன்னது ஸ்கேல். சொல்லிக்கொண்டே, பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மிளகு போய் உட்கார்ந்தாள்.